ஏர் இன்டேக் மாற்றினால் வாரண்டி முழுவதும் ரத்தாகுமா?

கேள்வி: வாரண்டி முடியாத என் டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரில், கம்பெனி ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஏர் இன்டேக்கைப் (என்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயும் பில்டரும்) பொருத்தினேன். நான்கு மாதங்களில் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் பாகம்) பழுதாகிவிட்டது. வாரண்டி மொத்தமும் செல்லாது என்கிறது சர்வீஸ் சென்டர். இதற்கு அபராதமும் உண்டா?
– கோவை வாசகர்

பதில்: மாற்றிய பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டாமல் வாரண்டியை மறுக்க முடியாது என்று காணொளிகளில் பலர் சொல்வது, அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தை வைத்துச் சொல்வது. அச்சட்டம் இங்கே செல்லாது. உங்களுக்குப் பொருந்துவது வாரண்டிப் புத்தகத்தின் வாசகமும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். அப்புத்தகம் ‘மாற்றத்தால் விளைந்த பழுதை’ மட்டும் விலக்குகிறதா, மாற்றம் செய்தாலே வாரண்டி போய்விடும் என்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னதாயின், வாரண்டி மொத்தமும் ரத்து என்ற பதில் நிற்காது.

ஆனால் பழுதானது கதவுக் கண்ணாடி மோட்டார் அல்ல, டர்போ. இன்டேக் வழியே வரும் காற்று நேரே அதன் கம்ப்ரசர் சக்கரத்துக்குத்தான், அதாவது காற்றை அழுத்தும் சக்கரத்துக்குத்தான், போகிறது என்பதால் உங்கள் வழக்கு எளிதன்று. பில்டர் சரியாகப் பொருந்தாமல் தூசி புகுந்திருந்தால் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருக்கும். இதழ்கள் நன்றாக இருந்து, எண்ணெய் வரத்துக் குறைந்து பேரிங் போயிருந்தால், இன்டேக்கின்மேல் பழிபோடுவது கடினம். ஆகவே கழற்றிய டர்போவை அப்புறப்படுத்தக் கூடாதென்று எழுத்து மூலம் தெரிவித்து, மறுப்புக்கான காரணத்தைப் படங்களுடன் எழுத்தில் கேளுங்கள். பழைய பெட்டியை மாட்டிவிட்டு எதையும் மாற்றவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொய் வெளிப்பட்டால் உங்கள் நியாயமான வாதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும், மறுப்பு வந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பாகத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதையும் கேளுங்கள்.

அபராதத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ‘மாற்றம்’ என்பதை, வாகனத்தின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று விளக்குகிறது. இன்டேக் மட்டும் அதில் அடங்காது என்பது என் கருத்து. அடங்கும் என்று அதிகாரி கொண்டால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஒலி, புகை வரம்பு மீறப்பட்டால் 190(2) பிரிவு தனியே பாயும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்டேக் மாற்றியதைத் தெரிவிக்கவில்லையெனில், இந்த வாரமே எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.