நர்ஸ் வேலையோடு ஹெவி லைசென்ஸ்: எங்கே உதவும், எங்கே உதவாது?

கேள்வி: சேலம் பக்கம் சிற்றூர். ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) முடித்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் நான்கு ஆண்டாக ஆண் நர்ஸாக இருக்கிறேன். அப்பா லாரி ஓட்டுநர். எனக்கும் வண்டி நன்றாக வரும். எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் இருக்கிறது. ஹெவியும் எடுத்துவிட்டால் ஆம்புலன்ஸில் ரெண்டு வேலையும் பார்த்து ரெண்டு சம்பளம் வாங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். லீவு நாளில் லாரி ஓட்டவும் யோசனை. சரியாக வருமா?

பதில்: ரெண்டு சம்பளக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். ஓடுகிற ஆம்புலன்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரால் பின்னால் நோயாளிக்குச் சளி உறிஞ்சும் சக்‌ஷன் போட முடியாது. அதனால்தான் 108 சேவையிலும் மருத்துவ உதவியாளர் தனி, பைலட் எனப்படும் ஓட்டுநர் தனி. ஜி.என்.எம். படிப்புக்கு மருத்துவ உதவியாளர் வேலை கிடைக்கும். லைசென்ஸுக்குப் பைலட் வேலை. ரெண்டில் ஒன்றுக்குத்தான் உங்களை எடுப்பார்கள். ஷிப்ட் 12 மணி நேரம், இரவு பகல் மாறி மாறி வரும்.

அடுத்தது, ஆம்புலன்ஸுக்கு ஹெவி தேவையே இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வணிக வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. நம் ஊரில் ஓடும் வேன் வகை ஆம்புலன்ஸ்கள் இந்த எடைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வேலைக்கு எடுக்கும் இடங்களில் பேட்ஜ் (வணிக வாகனம் ஓட்டுவதற்கான அனுமதி) இருக்கிறதா என்று கேட்கிற வழக்கம் போகவில்லை. இருந்தால் நல்லது.

லாரி, பஸ்ஸுக்குத்தான் ஹெவி. எல்.எம்.வி. எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிறைந்திருக்க வேண்டும், பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்றிதழ் வாங்க வேண்டும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். கைக்கு வந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கு இதில் எதுவும் பெரிய சிரமம் இல்லை. ஆசை இருந்தால் எடுத்து வையுங்கள். நர்ஸ் சம்பளம் அதனால் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, ரெண்டும் தெரிந்தவருக்கு மதிப்பு எங்கேதான்? ஷிப்டிங் கேஸில். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு ஐ.சி.யூ. நோயாளியைக் கொண்டுபோகும் வேலை அது. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறதென்றால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். சேலத்திலிருந்து கோவை ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். அவினாசியைத் தாண்டும்போதே முள் சிவப்பில் நிற்கும். வார்டில் மட்டும் வேலை பார்த்தவருக்குச் சாலை நேரம் பிடிபடாது. வண்டி மட்டும் ஓட்டியவருக்கு லிட்டர் கணக்கு தெரியாது. கிளம்பும் முன்பே "ஏழாயிரம் லிட்டர் டி டைப் ஏற்றுங்கள்" என்று சொல்ல ரெண்டும் தெரிந்த ஆள் வேண்டும். ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைகளில் டிரான்ஸ்போர்ட் டீம் பொறுப்பு, வண்டி மேற்பார்வை, ஓட்டுநர்களுக்கு முதலுதவிப் பயிற்சி என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இவை அதிகம் வராது, நேரில் போய்த்தான் பேச வேண்டும்.

சொந்த ஆம்புலன்ஸ் இன்னொரு வழி, உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற வழியும்கூட. அப்பா ஓட்ட, நீங்கள் நோயாளி பக்கத்தில் உட்காரலாம். ஆம்புலன்ஸாக மட்டும் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவில் பெர்மிட் விலக்கு உண்டு. எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் தப்பாது. வண்டியின் உள்ளமைப்புக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தரம் இருக்கிறது: வெறும் நோயாளிப் போக்குவரத்துக்கு பி வகை, அடிப்படை உயிர்காப்புக்கு சி, வென்டிலேட்டர் அளவுக்கு டி. ஐ.சி.யூ. அனுபவத்தை வைத்து நேராக டி வகையில் கடன் போட்டு இறங்கிவிடாதீர்கள். மருத்துவர் துணை இல்லாமல் அந்த வண்டிக்கு வேலை இல்லை. சி வகையே ஆரம்பத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

லீவு நாளில் லாரி? இதற்கு மட்டும் ஒரேயடியாக வேண்டாம் என்கிறேன். இரவு ட்யூட்டி முடித்த உடம்பு மறுநாள் தொப்பூர் இறக்கத்தில் லோடு வண்டியைப் பிடிக்கக் கூடாது. தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பது தூக்கத்தை நினைத்துத்தான். ஐ.சி.யூ.வில் நீங்கள் விழித்திருந்த நேரம் எந்த லாரி முதலாளியின் நோட்டிலும் ஏறாது. உங்கள் கண்ணில் மட்டும் தெரியும். நாளைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு செவிலியர் ஆகிவிட்டால், முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்ப்பது நடத்தை விதிகளுக்கே எதிரானது. அப்புறம், எந்தப் பக்கம் போனாலும் நர்ஸிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

வெளிநாட்டு நினைப்பு இருந்தால் ஒரு வரி. பிரிட்டனில் ஆம்புலன்ஸ் குழுவினரே மாறி மாறி ஓட்டுவார்கள், 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு சி1 லைசென்ஸ் கேட்பார்கள். ஆனால் அங்கே பாராமெடிக் பதிவு வேறு, நர்ஸ் பதிவு வேறு. இந்திய லைசென்ஸையும் அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், புதிதாகத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு வண்டி வரும் என்று தெரிந்ததும் மருத்துவமனையில் ஒருநாள், "டிரைவர் வரல, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி" என்பார்கள். பின்னால் வேறு நர்ஸ் ஏறினால் மட்டும் சாவியைத் தொடுங்கள். அதோடு, நீங்கள் ஓட்டுவதற்கு மருத்துவமனை ஒப்புதல் உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது விபத்து வழக்கில் நிற்காது.