பட்டியலில் முதல் இடம் எதற்கு?

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூவில் கணிதம் 93, இயற்பியல் 85, வேதியியல் 82. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்க ஆசை. மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் வேலை என்கிறார். அப்பா, ஹாஸ்டல் செலவு கட்டுப்படியாகாது, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பார் என்கிறார். பிரவுசிங் சென்டர் அண்ணனோ, ‘கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டால் அந்த சாய்ஸ் வீண், கிடைக்கிற கல்லூரியை மேலே போடு’ என்கிறார். கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை நான் எப்படிப் போடுவது?
– ஒரு மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

அன்பு மகளுக்கு,

நீ கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது தவறு. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட இந்த யோசனையைக் கேட்டுக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உன் கட்ஆஃப் 200க்கு 176.5. கணிதம் அப்படியே 93, இயற்பியலில் பாதி 42.5, வேதியியலில் பாதி 41. இதை வைத்துத் தரவரிசை வருகிறது. ஒதுக்கீட்டின்போது கம்ப்யூட்டர் அந்த வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உன் முறை வந்ததும் உன் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். உனக்குரிய ஒதுக்கீட்டில் அங்கே இடம் இருந்தால் கொடுத்துவிடும். இல்லையா, இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கிக்கொண்டே போகும். கிண்டி கிடைக்கவில்லை என்பதற்காக நீ வரிசையில் பின்னால் தள்ளப்பட மாட்டாய். நீ முப்பதாவதாக எழுதிய கல்லூரியை உன்னைவிடப் பின்னால் இருக்கும் ஒருவர் முதலாவதாக எழுதியிருந்தாலும், அந்த இடம் உன்னைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் போகும்.

‘கிடைக்கிற’ கல்லூரியை மேலே வைத்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். நீ ஆசைப்பட்ட கல்லூரி நாலு வரி கீழே காலியாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. அதனால் எது மிகவும் பிடிக்குமோ அது முதலில், அடுத்துப் பிடித்தது அடுத்து. இத்தனைதான் எழுதலாம் என்ற வரம்பு எதுவும் கிடையாது. தாராளமாக எழுது. கொடுத்தால் போய்ச் சேர மாட்டேன் என்று நினைக்கிற கல்லூரியை மட்டும் எழுதாதே. போன வருடம் எந்தக் கல்லூரியில் எதுவரை இடம் கிடைத்தது என்று பார்க்கும்போது, கட்ஆஃபைவிடத் தரவரிசை எண்ணைப் பார். வினாத்தாள் சுலபமாக இருந்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறிவிடும்.

அப்புறம், அப்பாவின் கவலை. இதில் உனக்குத் தெரியாமல் இருக்கிற ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2021 முதல் பொறியியல் படிப்பிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்ததால் பொதுத் தரவரிசையோடு இந்த ஒதுக்கீட்டின் தரவரிசையிலும் உனக்கு இடம் இருக்கும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். விண்ணப்பத்தில் இந்த ஒதுக்கீட்டைக் குறித்திருக்கிறாயா என்று இன்றே சரிபார். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளியில் கேட்டோ அருகிலுள்ள சேவை மையத்தில் கேட்டோ இதை அவருக்குப் புரியவை. அவர் ‘தூரம்’ என்பது பணத்துக்காக என்றால், கோவையும் சென்னையும் உன் பட்டியலுக்குள் வந்துவிடும். உன்னைப் பிரிந்திருக்க முடியாமல் சொல்கிறார் என்றால் அது வேறு பேச்சு. அதையும் பொறுமையாகப் பேச வேண்டும்.

மாமாவுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இசிஇ படித்தவர்களையும் ஐடி கம்பெனிகள் எடுக்கின்றன. சர்க்யூட் பிடித்த பிள்ளையை நாலு வருடம் வேறொன்றில் உட்காரவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் உன் ஆசை நிஜமா என்று நீயும் சோதித்துக்கொள். இசிஇ பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாம் செமஸ்டர் பாடங்களைப் படித்துப் பார். அப்போதும் ஆர்வம் இருந்தால் மாமாவிடம் தைரியமாகச் சொல்.

கல்லூரியை விளம்பரப் பலகையை வைத்து எடைபோடாதே. ‘அதிகபட்ச சம்பளம்’ என்பது ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். முடிந்தால் நேரில் போய், அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறவர்களிடம் கேள்: உங்கள் பிரிவில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை? ஒரு செமஸ்டருக்குள் ஆசிரியர் எத்தனை முறை மாறினார்? லேபில் கருவியைத் தொட விடுவார்களா? என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. கல்லூரிக்கு இருக்கிறது என்றால் போதாது, இசிஇக்கு இருக்கிறதா என்று கேள். பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதத்தையும் பார்.

பட்டியலைப் பேப்பரில் எழுதி முடித்த பிறகே கம்ப்யூட்டர் முன் உட்கார். கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும்; குறியீட்டு எண்ணைப் பார்த்துப் போடு. கோவை அரசு பொறியியல் கல்லூரி 2005, பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 2006, சிஐடி என்கிற கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 2007. கடைசி எண் தவறினால் கல்லூரியே மாறிவிடும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்காதே, சீட் வாங்கித் தருகிறேன் என்று வீடு தேடி வருபவர்களிடம் அசல் சான்றிதழையும் கொடுக்காதே. அசலைக் கல்லூரியேகூடப் பிடித்துவைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய மிகக் குறைந்த அவகாசமே இருக்கும். கிடைத்தது பிடித்திருந்தாலும் மேலே எழுதிய ஒன்றில் இன்னும் ஆசை இருந்தால், இதை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி நகரும் வாய்ப்பைத் தேர்ந்தெடு. மேலே ஏதாவது காலியானால் தானாக மாறும், இல்லையென்றால் கையில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் மாறிவிட்டால் பழைய இடம் திரும்ப வராது. அதனால்தான் அந்த வரிசையை நீயே உட்கார்ந்து எழுத வேண்டும் என்கிறேன்.