ஸ்பூல் டேப்பில் இரைச்சல்: எதை வாங்குவது, எதை வாங்க வேண்டாம்

கேள்வி: முழுமையாக சர்வீஸ் செய்யப்பட்டது என்று விற்றவர் சொன்னதை நம்பி, பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கினேன். வீட்டுப் பெரியவர்களின் குரல் பதிவாகியுள்ள நாடாக்களை அதில் போட்டால் பேச்சைவிட இரைச்சலே மேலோங்கிக் கேட்கிறது. ஒருவர் ஹெட்டை, அதாவது நாடாவிலுள்ள பதிவைப் படிக்கும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் வேறு மெஷின் வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார். நான் எதற்குப் பணம் செலவிடுவது?

பதில்: இப்போதைக்கு எதற்கும் செலவிடாதீர்கள். நீங்கள் கேட்கும் இரைச்சல் மெஷினின் மின்சுற்றிலிருந்து வரலாம், நாடாவிலிருந்து வரலாம், அல்லது அந்தக் காலத்தில் பதிவு செய்தபோதே உள்ளே புகுந்ததாக இருக்கலாம். முதலாவதைப் பழுதுபார்க்கலாம், இரண்டாவதை ஓரளவு குறைக்கலாம், மூன்றாவதை எந்த மெஷினை வாங்கினாலும் போக்க முடியாது. எது என்று தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீணாகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முதலில் நாடாவே இல்லாமல் மெஷினை ஓடவிட்டுக் கேளுங்கள். நாடா இல்லையென்றால் தானாக நின்றுவிடும்படி பல மெஷின்களில் ஒரு சிறு கை வைத்திருப்பார்கள். அதை ஒரு ரப்பர் பேண்டால் மேலே இழுத்துக் கட்டிவிட்டால் பிளே நிலையில் ஓடும். பிறகு, அழிக்கப்பட்ட வெற்று நாடா ஒன்றை ஓட்டிக் கேளுங்கள். கடைசியாக உங்கள் நாடாவைப் போடுங்கள். மூன்று முறையும் வால்யூமைத் தொடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள மெஷினில் வெற்று நாடா ஓடத் தொடங்கியதும் 'ஸ்ஸ்' என்ற ஓசை தெளிவாக ஒரு படி உயரும், ஏனெனில் நாடாவின் இயல்பான இரைச்சலைவிட மின்சுற்றின் இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். நாடா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் இரைந்தால் குற்றவாளி மெஷின்தான். வெற்று நாடாவில் அமைதியாக இருந்து, உங்கள் நாடாவில் மட்டும் இரைந்தால் மெஷினின் மீது பழி போட வேண்டியதில்லை.

மெஷின்தான் என்று தெரிந்தால், அடுத்து ஓசையின் தன்மையைக் கவனியுங்கள். தொடர்ந்து 'ம்ம்ம்' என்று முனகினால் அது மின்சாரத்தின் சாயல். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வருகிறது. அதே சுருதியில் கேட்கும் முனகல் பெரும்பாலும் ஒயர்களின் எர்த் இணைப்பிலிருந்தோ, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் ஹெட்டில் படுவதாலோ வருவது. வெளியே போகும் ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, மெஷினின் ஹெட்போன் துளையில் நேராகக் கேட்டுப் பாருங்கள். முனகல் மறைந்துவிட்டால் ஒயர் இணைப்பைச் சரிசெய்தாலே போதும். மறையாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிபயரை நகர்த்திப் பாருங்கள். முனகல் அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், கரகரப்போடு இருந்தால் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகி வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை மாற்றுவது அனுபவமுள்ள டெக்னீசியனுக்குச் சாதாரண வேலை, ஹெட்டை மாற்றும் செலவு ஆகாது. மின்சாரம் நிறுத்திய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஒரு சேனலில் மட்டும் படபடப்போ, கொதிப்பது போன்ற ஓசையோ வந்தால் முதல்நிலை டிரான்சிஸ்டர்கள், அல்லது ரெக்கார்ட்-பிளே சுவிட்சின் துருப்பிடித்த தொடுமுனைகள் மீது சந்தேகம் கொள்ளலாம். இரு சேனல்களும் ஒரே வயதுடையவை என்பதால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த இலவசச் சோதனை கிடையாது. சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் தள்ளியதும் ஓசை மாறினால் சுவிட்ச்தான்.

இன்னொன்றையும் விற்றவரிடம் கேளுங்கள். சர்வீஸ் செய்தது என்றால் என்னென்ன செய்தார்கள்? பெல்ட் மாற்றித் துடைத்துக் கொடுப்பதற்கும் அதே சொல்தான், கெப்பாசிட்டர்களை மாற்றி ஹெட்டின் கோணத்தையும் ஒலி அளவுகளையும் சோதனை நாடாவைக் கொண்டு சரிசெய்வதற்கும் அதே சொல்தான். மாற்றிய பாகங்களின் பட்டியலை எழுத்தில் தராதவரின் உறுதிமொழிக்கு விலையில் எதையும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெட்டில் காந்தம் ஏறியிருந்தாலும் இரைச்சல் வரும் என்கிறார்கள். அந்தக் காந்தத்தை நீக்கும் டிமேக்னடைசர் என்ற கருவியை வாங்குவது அவசியமா?

பதில்: அவசியம் என்றே சொல்வேன். பழைய ஸ்பூல் டேப் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியவை சுத்தமான ஐசோபிரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், இந்தக் கருவி ஆகிய மூன்றும்தான். ஹெட்டிலும் நாடா உரசும் உலோகப் பகுதிகளிலும் ஏறும் காந்தம் 'ஸ்ஸ்' ஓசையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பதிவிலுள்ள உயர்ந்த சுருதிகளைச் சிறிது சிறிதாக அழித்துவிடும், அழிந்ததை மீட்கவும் முடியாது. நேசித்தவர்களின் குரல் இருக்கும் ஒரே பிரதியை அப்படிப்பட்ட மெஷினில் ஓட்டக்கூடாது.

பயன்படுத்தும் முறையில் தவறினால் நன்மைக்குப் பதில் கேடு நேரும். மெஷினை அணைத்து, நாடாக்களை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஹெட்டிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியை இயக்குங்கள்; மெல்ல அருகே கொண்டு வந்து, ஹெட்டின் முகத்தில் நிதானமாக மேலும் கீழும் அசைத்து, நாடா செல்லும் வழிகாட்டிகளையும் நாடாவை இழுக்கும் சுழல்தண்டான கேப்ஸ்டனையும் அதேபோலத் தடவி, மெல்லப் பின்வாங்கி, மறுபடியும் ஒரு மீட்டர் தள்ளி வந்த பிறகே அணையுங்கள். அருகிலேயே அணைத்தால் முன்பு இருந்ததைவிட அதிகக் காந்தத்தை ஹெட்டில் விட்டுவிட்டு வருவீர்கள். முனையில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் இரும்பு முனை ஹெட்டைக் கீறிவிடும்.

கேள்வி: பிரிக்கப்படாத பழைய ஸ்டாக் என்று விற்கப்பட்ட நாடாக்களை வாங்கினேன். ஓட்டினால் கீச்சென்று அலறுகின்றன, ஹெட்டில் பழுப்பு நிறப் பிசுக்கு படிகிறது. மெஷினின் கோளாறா?

பதில்: நாடாவின் கோளாறு. உடனே நிறுத்திவிட்டு ஹெட்டைத் துடையுங்கள். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் வெளிவந்த, முதுகில் கரும்பூச்சு கொண்ட பல நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருந்த பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கிறது. ஆம்பெக்ஸ் 406, 456 ஆகியவை இதற்குப் பேர்போனவை. உறை பிரிக்காமல் இருந்ததால் ஈரம் புகாது என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்து ஆம்பெக்ஸ் நாடாவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புதிய பதிவுக்கென்று வாங்காதீர்கள். ஆர்டிஎம், ஏடிஆர் போன்ற நிறுவனங்கள் இன்றும் புதிய நாடா தயாரிக்கின்றன. விலை உறைக்கும், ஆனாலும் அதுவே சரியான வழி.

அந்த நாடாவில் ஏற்கெனவே முக்கியமான பதிவு இருந்தால், சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சீராகச் சூடேற்றி உலர்த்துவார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு நாடா ஒழுங்காக ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வெப்பம் ஏறி இறங்கும் சமையல் அவனில் இதைச் செய்யக்கூடாது, மைக்ரோவேவை நினைத்தும் பார்க்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, அசிட்டேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன நாடாவைச் சூடேற்றவே கூடாது. நிரந்தரமாக நெளிந்து பாழாகிவிடும். சுருளை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஒளி ஊடுருவினால் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். வினிகர் வாடை அடித்தாலும் அசிட்டேட்தான்.

கேள்வி: பேச்சு தொடங்கும் முன்பே அதே சொற்கள் மங்கலாகக் கேட்கின்றன. இன்னொரு நாடாவின் பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவது போல இருக்கிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். முதலாவது, சுருளின் ஒரு சுற்றிலுள்ள பதிவு அடுத்த சுற்றில் படிந்துவிடுவது. மெல்லிய நாடாவிலும், வெப்பமான இடத்தில் கிடந்த நாடாவிலும் இது மிகும். ஓட்டும் முன் சில முறை முழுதாகச் சுற்றி எடுத்தால் ஓரளவு தணியும். இனி, ஓட்டி முடித்ததும் பின்னோக்கிச் சுற்றாமல் வால்முனை வெளியே இருக்கும்படியே வைத்துவிடுங்கள். அப்போது வலுவான எதிரொலி குரலுக்குப் பின்னால் விழுந்து காதுக்குத் தெரியாமல் போகும்.

தலைகீழ்ப் பேச்சு நாடாவின் மறுபக்கப் பதிவு. ஹெட்டின் உயரம் சற்றே பிசகியிருக்கலாம், அல்லது நாடாவின் அகலத்தில் கால் பங்கில் பதிவான கால்-தட நாடாவை, அரைப் பங்கைப் படிக்கும் அரை-தட மெஷினில் போட்டிருக்கலாம். வாங்கும் முன் உங்கள் நாடாக்களில் பெரும்பாலானவை எந்தத் தடத்தில் பதிவானவை என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற மெஷினையே தேடுங்கள். தடத்தின் அகலம் பாதியானால் இரைச்சலுக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி சுமார் 3 டெசிபல் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நாடாக்களை டிஜிட்டல் ஆக்கித் தருபவர் இரைச்சலை முற்றிலும் நீக்கித் தருவதாக உறுதி சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த வாக்குறுதிக்காகவே அவரிடம் கூடுதலாக விசாரியுங்கள். இரைச்சலை முற்றிலும் துடைத்தெடுக்கும் மென்பொருள், அதோடு சேர்த்து 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையையும் மூச்சின் ஓசையையும் கொண்டுபோய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்கடியில் பேசுவது போன்ற குரல். எந்தத் திருத்தமும் செய்யாத மூலப் பிரதியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், வேவ் கோப்பாக முதலில் தரச் சொல்லுங்கள். இரைச்சல் நீக்கிய பிரதி வேண்டுமானால் தனிக் கோப்பாக இருக்கட்டும்.

நாடாவுக்கு நாடா ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்வாரா என்று கேளுங்கள். எந்த ஈக்வலைசேஷனில், அதாவது உயர்ந்த, தாழ்ந்த சுருதிகளைச் சமன்செய்யும் எந்த முறையில், ஓட்டுகிறார் என்றும் கேளுங்கள். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் என்ஏபி முறையில் பதிவானதை ஐஇசி முறையில் ஓட்டினால், உயர்ந்த சுருதிகள் ஏறத்தாழ 3 டெசிபல் மிகுந்து, இல்லாத இரைச்சல் இருப்பதாகத் தோன்றும். நாடாப் பெட்டியின் மீது டால்பி அல்லது டிபிஎக்ஸ் (பதிவின்போது ஒலியைச் சுருக்கி இரைச்சலைக் குறைக்கும் முறைகள்) என்று எழுதியிருந்தால், ஓட்டும்போது அதே முறையில் விரித்தாக வேண்டும். டிபிஎக்ஸ் நாடாவை அப்படியே ஓட்டினால் இரைச்சல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். வீட்டுச் சாதனங்களுக்கான டால்பி பி 1968-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீட்டுப் பதிவுக்கு டால்பி பொத்தானை அழுத்துபவர் இரைச்சலோடு குரலின் தெளிவையும் மழுக்குகிறார். இவற்றுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவரிடம் முதலில் முக்கியமில்லாத ஒரு சுருளைக் கொடுத்துப் பாருங்கள். கோப்பு வந்த பிறகும் மூல நாடாக்களைத் திரும்பப் பெற மறக்காதீர்கள்.