ரயிலில் போய் ஃபுட்பால் பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஐரோப்பாவில் ரயிலேறி ஊர் ஊராகப் போய்க் கால்பந்து பார்ப்பது பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவர்): கையில் இரண்டு வாரம் இருக்கிறது. லண்டன், பாரிஸ், பார்சிலோனா, மிலன், மியூனிக் என்று ஐந்து ஊர்களில் ஐந்து ஆட்டம் பார்க்க நினைக்கிறேன். திட்டம் சரிதானா?

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் இந்தத் திட்டத்தோடு கிளம்பினால் நீங்கள் பார்க்கப்போவது ஐந்து ஆட்டம் அல்ல, நிறைய ரயில் ஜன்னல்தான். பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயிலிலேயே ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அங்கிருந்து மிலனுக்கு ஒரு முழு நாள் வேண்டும். மற்ற நான்கு ஊர்களுக்கும் பொதுவான ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது, தனி அனுமதி வாங்கவேண்டும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் ஆட்ட அட்டவணையில்தான் இருக்கிறது. சீசன் தொடங்கும் முன் வரும் அட்டவணையில் போட்டிருப்பது வெறும் வார இறுதி மட்டும்தான். வெள்ளியா, சனியா, ஞாயிறா, சில நாடுகளில் திங்களா என்பது டிவி ஒளிபரப்பைப் பொறுத்துச் சில வாரங்களுக்கு முன்புதான் முடிவாகும். சனிக்கிழமை என்று நம்பி ரயிலும் ரூமும் போட்டுவிட்டு, ஆட்டம் ஞாயிறு சாயங்காலத்துக்கு மாறிப்போனதால் அதே நேரத்தில் அடுத்த நாட்டில் ரயிலில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஆட்டத்தின் தேதி, நேரம் உறுதியாகட்டும், ரயில் டிக்கெட் அப்புறம்.

என்னைக் கேட்டால் ஐந்து பெருநகரங்களை விட்டுவிட்டு ஒரே இடத்தில் கூடாரம் போடுங்கள் என்பேன். ஜெர்மனியின் மேற்கே ரூர் பகுதி. அந்தக் காலத்து நிலக்கரி, இரும்பு ஆலை ஊர்கள். டோர்ட்முண்ட், போஹும், கெல்சென்கிர்ஷன், எஸ்ஸன், டூயிஸ்பர்க் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. டோர்ட்முண்டிலிருந்து போஹுமுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கெல்சென்கிர்ஷனுக்கு அரை மணிக்குள். கொஞ்சம் தெற்கே இறங்கினால் டுசல்டார்ஃப், லெவர்குசன், கொலோன், மேற்கே மோன்ஷன்கிளாட்பாக். இத்தனை ஊர்களிலும் நூறு வருடத்தைத் தாண்டிய கிளப்கள், எல்லாமே ஊர்ப் பாசஞ்சர் ரயிலில் போய்வரும் தூரம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையவே வேண்டாம்.

நேரக் கணக்கும் இங்கே நமக்குச் சாதகம். முதல் டிவிஷனில் வெள்ளி இரவு 8.30, சனி மதியம் 3.30, மாலை 6.30, ஞாயிறு 3.30, 5.30 என்று ஆட்டங்கள் வரும். இரண்டாம் டிவிஷனில் வெள்ளி மாலை 6.30, சனி 1 மணி, இரவு 8.30, ஞாயிறு 1.30. சனி 1 மணி ஆட்டம் மூன்று மணிக்குள் முடிந்துவிடும், அங்கிருந்து ரயிலேறி 6.30 ஆட்டத்துக்குப் பக்கத்து ஊருக்கு நிதானமாகவே போய்ச் சேரலாம். ஒரே வார இறுதியில் மூன்று நான்கு ஆட்டம் பார்த்துவிடலாம், அதுவும் ஓடாமல், மூச்சிறைக்காமல். இரண்டாம் டிவிஷன்தானே என்று ஒதுக்காதீர்கள், ஜெர்மனியில் அங்கேயும் கூட்டம் அலைமோதும்.

கேள்வி: யூரெயில் பாஸ் எடுப்பதா, தனித்தனியாக டிக்கெட் வாங்குவதா?

ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே பாஸில் 33 நாடுகளின் ரயில்களில் போகலாம். 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களில் அது உண்மைதான். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்கள், லண்டன் போகும் யூரோஸ்டார் இவற்றிலெல்லாம் பாஸுக்கு மேல் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாகவேண்டும். அதிலும் டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் குறைவு, பெரிய ஆட்டம் இருக்கும் வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆட்டத் தேதி மாறக்கூடும் என்பதால்தான் எனக்குப் பாஸ் பிடிக்கும். மலிவு டிக்கெட்டில் அந்த ஒரு ரயிலை விட்டால் பணம் போச்சு, பாஸில் பயண நாளை மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு வசதி, இரவு ரயிலில் நடுராத்திரி தாண்டிப் பயணம் போனாலும், வழியில் மாறாமல் அதே ரயிலில் போகும்வரை பாஸில் உள்ள பயண நாட்களில் ஏறிய நாள் ஒன்றுதான் கழியும். மியூனிக்கில் ஏறினால் காலையில் ரோமில் இறங்கலாம். ஒரு ரூம் வாடகையும் மிச்சம், ஆனால் படுக்கைக்குத் தனிக் கட்டணம்.

நான் சொன்ன மாதிரி ஜெர்மனியிலேயே தங்குவதாக இருந்தால் பாஸும் வேண்டாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா போதும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 தொடக்கத்தில் 63 யூரோ ஆகிவிட்டது. நாடு முழுக்க ஊர்ப்புற ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகலாம், ஐசிஇ மாதிரி தூரத்து விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. இது சந்தா என்பதால் தானாகவே அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடும். மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆட்ட டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. ஸ்டேடியம் வாசலில் விற்கிறவர்களிடம் வாங்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். இத்தாலியில் டிக்கெட்டில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், வேறொருவர் பெயரில் இருக்கும் டிக்கெட்டோடு போய் நின்றால் திரும்பி வரவேண்டியதுதான். கிளப்பின் சொந்தத் தளத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சில கிளப்களில் சீசன் முழுக்க ஆட்ட டிக்கெட் எடுத்துவைத்தவர்கள் வர முடியாத நாளில் தங்கள் இடத்தை அதே தளத்தில் விற்பார்கள், ஆட்டத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாள் அதைத் திறந்து திறந்து பாருங்கள், ஒற்றை சீட்டு கட்டாயம் கண்ணில் படும். நண்பர்களோடு போகிறவர்கள் தனித்தனியாக உட்கார ஒப்புக்கொண்டால் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

ஜெர்மனியில் பல கிளப்களின் ஆட்ட டிக்கெட்டே அன்றைக்கு அந்த வட்டாரப் போக்குவரத்துக்கும் டிக்கெட். வாங்கியதும் அதன் அடியில் சிறிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டி, பையோடு ஸ்டேடியத்துக்குள் விடுவார்களா?

பல இடங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேல் பை போகாது. ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். ஆட்ட நாளில் மதியத்துக்குள் லாக்கர்கள் நிரம்பிவிடும், காலையிலேயே வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: இரவு ஆட்டம் முடிந்து வேறு ஊருக்குத் திரும்ப முடியுமா? ஐரோப்பிய ரயில் என்றால் நேரம் தவறாது என்கிறார்களே?

சுவிட்சர்லாந்தில் நம்பலாம். ஜெர்மனியில் 2024இல் தூரத்து ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அதையும் 'சரியான நேரம்' என்றே எண்ணி. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் 10.50க்கு முடியும். எண்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். பிளாட்பாரம் வரை போய்ச்சேரவே முக்கால் மணி ஆகலாம். 2024 யூரோ போட்டியில் கெல்சென்கிர்ஷனில் இங்கிலாந்து–செர்பியா ஆட்டம் முடிந்த இரவு டிராமுக்கு ரசிகர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அப்போது பெரிய செய்தியாகவே வந்தது.

எனக்கும் ஒரு நவம்பர் இரவு இப்படி ஆனது. கடைசிக்கு முந்தின ரயில் ரத்து என்று பலகையில் வந்தது. கடைசி ரயில் நாற்பது நிமிடம் தாமதம், அப்புறம் அதுவும் ரத்து. பிளாட்பாரத்தில் இருந்த இரும்பு பெஞ்ச் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. தோற்ற அணியின் ஸ்கார்ஃப் போட்ட வயதான தம்பதி தங்கள் ஃபிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்து, அதிகாலை ரயில் எத்தனை மணிக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இரவு ஆட்டம் என்றால் அந்த ஊரிலேயே தங்குகிறேன். அப்படி முடியாதவர்கள் கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தின இரண்டு ரயில்களில் ஒன்றைக் குறி வையுங்கள். தனி டிக்கெட்டில் போகும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்பது ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உங்கள் உரிமை, கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி (ஒரு வாசகி): ஒன்பது வயது மகனை அழைத்துப் போகலாமா? ரயிலில் ரசிகர்கள் கூச்சல் போடுவதை வீடியோவில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

தாராளமாக அழைத்துப் போங்கள் அம்மா. முதல் ஆட்டத்துக்கு ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுங்கள், டெர்பி, அதாவது பக்கத்துப் பக்கத்துப் போட்டி அணிகள் மோதும் ஆட்டம், வேண்டாம். பல ஸ்டேடியங்களில் குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கும், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் நிற்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், பையனுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போகும் ரயிலில் போனால் நிம்மதியாக உட்கார்ந்து போகலாம். பெட்டியில் பாட்டும் தட்டலும் அதிகமாக இருந்தால் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது வெறும் சத்தம்தான். பையனுக்கு எதிரணி நிறத்தில் மட்டும் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் போனதில் மனதில் நிற்கும் மைதானம் எது?

இரண்டு சொல்கிறேன். ஒன்று பிரான்ஸின் லான்ஸ். பாரிஸிலிருந்து டிஜிவியில் ஒரு மணி சொச்சம். ஊரில் இருப்பது முப்பத்திரண்டாயிரம் பேர், ஸ்டேடியத்தில் முப்பத்தெட்டாயிரம் பேருக்கு இடம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். சுரங்கக் கழிவைக் கொட்டி எழுந்த இரண்டு கரிய மேடுகள் தூரத்தில் தெரியும். இடைவேளை முடிந்ததும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய ஒரு பாட்டை மொத்த ஸ்டேடியமும் சேர்ந்து பாடுகிறது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்று பெர்லினின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் யூனியன் கிளப்பின் மைதானம். எஸ்-பான் என்ற நகர ரயிலில் கோப்பெனிக் ஸ்டேஷனில் இறங்கி, மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் சிவப்பு ஸ்கார்ஃப்களின் பின்னாலேயே நடந்தால் போதும். இருபத்திரண்டாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் சுமார் 3,600 பேருக்குத்தான் நாற்காலி, மற்றவர்கள் நின்றுதான் பார்க்கவேண்டும். 2008இல் கிளப்பிடம் பணமில்லாதபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் 1,40,000 மணி நேரம் உழைத்துப் புதுப்பித்த இடம் அது. நீங்கள் சாய்ந்து நிற்கும் கம்பியைப் பக்கத்தில் நிற்பவரே பொருத்தியிருக்கலாம். ஆண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம். 2025இல் முதல் டிவிஷனுக்கு உயர்ந்த பெண்கள் அணியும் இங்கேதான் ஆடுகிறது, அந்த ஆட்டத்துக்கு முயன்று பாருங்கள். மைதானத்தை விரிவாக்கும் திட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் போய்விடுவது நல்லது. ஒரு மூலையில் சின்ன வீடு மாதிரி பழைய ஸ்கோர் பலகை நிற்கும். நான் போன அன்று முதல் கோல் விழுந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, அங்கே ஒருவர் நிதானமாகப் பூஜ்யத்தைக் கழற்றி எடுத்துவிட்டு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்.