ஓய்வுக்குப் பிறகு மறுபடி தூண்டில்: சென்னையில் இருந்துகொண்டு டிரவுட் பிடிக்க முடியுமா?

வாசகர் ஒருவர், இளமையில் மலை ஏரிகளில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடித்தவராம். வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போயிற்று, இப்போது ஓய்வுபெற்றுச் சென்னையில் இருக்கிறேன், மறுபடி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் டிரவுட்டில் தொடங்காதீர்கள்.

நானும் உங்கள் ரகம்தான். மின்வாரியத்தில் சேர்ந்த புதிதில் என்னை நீலகிரியில் குந்தா பக்கம் போட்டார்கள். எமரால்டு, அவலாஞ்சி ஏரிகள் இரண்டுமே, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா செய்த உதவியோடு வந்த குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளால் உண்டானவை. டூட்டி முடிந்தால் குவார்ட்டர்ஸில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கூட வேலை பார்த்த லைன்மேன் அண்ணன் ஒருவர்தான் ஓடை வாயில் ஸ்பின்னர் (நீரில் சுழலும் போலி இரை) போடக் கற்றுக்கொடுத்தார். சென்னைக்கு மாற்றல் வந்ததும் தூண்டில் ராடு பரணுக்குப் போனது. ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தது.

டிரவுட் நம்ம ஊர் மீனே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், நிலைக்கவில்லை. பிறகு எச். சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் வந்து, 1907ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தபின்தான் ரெயின்போ டிரவுட் என்ற வகை காலூன்றியது. காரணம் குளிர்தான். 10 டிகிரி குளிர்ச்சியுள்ள ஒரு லிட்டர் நீரில் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் சோர்ந்து இரை எடுப்பதைக் குறைத்துவிடும். சென்னை ஏரியின் தண்ணீர் அதற்கு வெந்நீர். ஆக, டிரவுட் வேண்டுமென்றால் நீங்கள்தான் மலையேற வேண்டும். வருடத்தில் எத்தனை தடவை முடியும்? அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் ராடு மறுபடி பரணுக்குத்தான் போகும்.

அதனால் கையைப் பழக்குவது இங்கேயே நடக்கட்டும். சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத்துறை சீரமைத்து 2016ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது. படகு விடுகிறார்கள், தூண்டில் போடவும் ஏற்பாடு செய்தார்கள். இப்போதைய நேரம், கட்டணம் என்னவென்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அங்கே உள்ள பெரிய சௌகரியம் நிழலும் சமதளமான நடைபாதையும்தான். மீன் சுமாராக இருந்தாலும் முழங்கால் தப்பிக்கும்.

கொஞ்சம் கை வந்ததும் முட்டுக்காடு போங்கள். உப்பங்கழியில் கொடுவாவும் மடவையும் உண்டு. கொடுவா லூரை (போலி இரையை) அடிக்கும் வேகம் இருக்கிறதே, டிரவுட்டுக்கு ஒரு மாற்றுக் குறைவில்லை என்பேன், நீலகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கடல் ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் நீர் ஓடும், அப்போதுதான் அது வேட்டைக்கு வரும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுங்கள். அடையாறு, கூவம் முகத்துவாரங்களிலும் சிலர் தூண்டில் போடுகிறார்கள். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

புறநகர் ஏரிகளில் கண்ட இடத்தில் உட்காராதீர்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் "அண்ணே, பொழுதுபோக்குக்குத்தான்" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் போட்டால் நியாயமாகவே சண்டைக்கு வருவார்கள். செம்பரம்பாக்கம் மாதிரி குடிநீர் ஏரிகளில் அந்தப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் சாமான். நாம் விட்டபோது இருந்த தங்கூசிக்கு (ஒற்றை நைலான் நரம்பு) பதில் இப்போது எல்லாரும் பல இழைகளைப் பின்னிய பின்னல் நரம்பு போடுகிறார்கள். அதே தடிமனில் பல மடங்கு பலம், இழுத்தால் நீளாததால் மீன் தொட்டதும் கையில் தெரியும். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அதில் முடிச்சுப் போடுவது பெரிய பாடு. பழைய கிளிஞ்ச் முடிச்சு பின்னல் நரம்பில் வழுக்கும். பலோமர் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள்: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். ஆறரை அடி லைட் ராடு ஒன்று, நரம்பைச் சுற்றிவைக்க 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று போதும். நீலகிரிக்கும் அதுவே ஆகும், சின்னக் கொடுவாவுக்கும் ஆகும். கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கினால் பென்ஷன் அரியர் காலி.

இவ்வளவும் ஆனபின் ஊட்டிக்கு டிக்கெட் போடுங்கள். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். காரில் போனால் 2024லிருந்து இ-பாஸ் வேண்டும். சீசன் கூட்டம் உள்ள ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்கலாம். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி பக்கம் போகவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நம் காலம் மாதிரி நினைத்த கரையில் போய் நிற்கவும் முடியாது. வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிலும் எங்கே அனுமதி, எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டு, சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நண்பர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க எமரால்டில் நீர்மட்டம் இறங்கும். அப்போது கரை முழுக்கச் சிவப்புச் சேறு, அதுவும் சரிவு. இருபத்தைந்து வயதில் அதில் ஓடினோம். இப்போது ஒரு ஊன்றுகோல், துணைக்கு ஒரு ஆள், மிதவை ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் என்பதால் முதல் நாள் வெறுமனே ஓய்வெடுப்பது நல்லது. பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே போகலாம். மீன் எங்கே இருக்கும் என்பதில் மட்டும் எதுவும் மாறவில்லை. வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். அதிகாலையிலும் மாலையிலும் ஓடை வந்து ஏரியில் விழும் இடத்துக்கு வரும். குளிர்ந்த, காற்றோட்டமான நீர், கூடவே அடித்துவரும் பூச்சி, இரண்டும் அங்கேதான் கிடைக்கும்.

பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்களா? என் மகள் ஒன்டாரியோவில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கும் மீன்பிடியில் கிறுக்கு. அங்கே லேக் டிரவுட் என்று ஒன்று உண்டு. நம் ரெயின்போவுக்குத் தூரத்துச் சொந்தம், குணம் வேறு. 10 டிகிரியை ஒட்டிய நீர்தான் அதற்குப் பிடிக்கும். வசந்தத்தில் பனி உருகியதும் கரையோரமே கிடைக்கும். கோடையில் மேல்நீர் சூடாகிவிட, அது கீழே போய்விடும். இருபது முப்பது மீட்டர் ஆழத்துக்குக்கூட லூரை இறக்க வேண்டியிருக்கும். கனமான எடையைக் கம்பியில் கட்டி இறக்க டவுன்ரிக்கர் என்று ஒரு சாதனம் படகில் இருக்கும். மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழும் மீன் என்பதால் பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுவார்கள். முதலில் எனக்கு மனசு ஆறவில்லை. முட்டையிடும் பருவம் வரவே அதற்கு ஆறேழு வருடம் ஆகும் என்று மாப்பிள்ளை சொன்னபிறகு சரி என்று விட்டேன். ஒன்று கவனியுங்கள்: அந்த ஊர்வாசிகளுக்கு 65 வயதுக்கு மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை, ஆனால் விசிட்டர் விசாவில் போகும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. வயதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்து ஏரிக்குப் போய் நிற்காதீர்கள், முந்தின நாளே ஆன்லைனில் லைசென்ஸ் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் கேட்கப்போகும் கேள்வி: பிடித்ததை என்ன செய்வது? கொடுவாவைக் குழம்பு வையுங்கள், மாங்காய் போட்டால் இன்னும் நல்லது. டிரவுட்டைப் புளியில் போடாதீர்கள், அதன் மென்மையான ருசி புளியில் காணாமல் போய்விடும். உப்பு, மிளகு, கொஞ்சம் எலுமிச்சை தடவி, தோலோடு வாணலியில் வாட்டினால் போதும்.