ஃபோம் ஒட்டியும் ஹாரன் சத்தம் குறையவில்லையா? ஜன்னலைப் பாருங்கள்

மெயின் ரோட்டைப் பார்த்த படுக்கையறை, 9 அங்குலச் செங்கல் சுவர், அதில் முழுக்க ஃபோம் ஒட்டியும் பஸ் ஹாரன் அப்படியே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபோம் அறைக்குள் எதிரொலியை மட்டும்தான் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். சுவரில் குறையில்லை, இனி அதில் காசு போடாதீர்கள்.

ஓட்டை உங்கள் ஸ்லைடிங் ஜன்னல்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை ஜன்னல் விளிம்போடு டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரியும் இடமெல்லாம் சத்தமும் நுழையும்.

பழைய ஜன்னலைப் பிடுங்க வேண்டாம். உள்பக்கம் 100 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) வைத்த, கதவு போலத் திறக்கும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் ஒன்று போடுங்கள். வெளிக் கண்ணாடி 5 மி.மீ. என்றால் உள்ளே 8 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது). இரண்டும் ஒரே தடிமனானால் ஒரே சுருதியில் அதிர்ந்து, அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். ஃப்ரேமைச் சுற்றி பியூ ஃபோம் (இடுக்கில் பீய்ச்சினால் உப்பி இறுகும் நுரை) மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள், அதற்கு எடையே இல்லை. சிமெண்ட் கலவையால் அடைத்து, மேலே சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். ஏசி பைப் துளைக்கும் இதேதான்.

ஹாரன் நன்றாக அடங்கும். பஸ் எஞ்சின் உறுமல் கொஞ்சம் மிஞ்சும்.