கையெழுத்து யாருக்காக?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு வணக்கம்.

பி.காம் முடித்த மகன் தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில், அதாவது கஸ்டம்ஸிலிருந்து (சுங்கத்துறை) சரக்கை விடுவித்துத் தரும் ஆபீசில், சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, அதற்குள் பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், தாள்களில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், நாளைக்கு வில்லங்கம் வந்தால் பையன் மாட்டிக்கொள்வானா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக வேலையை விட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து சரக்கை வரவழைக்கும் பார்ட்டிதான் பிரின்சிபல், அதாவது வேலையை ஒப்படைப்பவர். கிளியரிங் நிறுவனம் அவருடைய ஏஜென்ட். தம்பி அந்த ஏஜென்டிடம் சம்பளத்துக்கு இருப்பவர். கொடுத்த அதிகாரத்துக்குள் ஏஜென்ட் செய்வது பிரின்சிபலைக் கட்டுப்படுத்தும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால், 230-ஆவது பிரிவின்படி பொறுப்பு ஏஜென்டின் தலையில் விழலாம்.

காசிமேட்டுப் பையன் ஒருவன் என்னிடம் ஒரு லாரி வாடகைச் சீட்டைக் கொண்டு வந்தான். அதில் அவன் பெயரும் செல் நம்பரும் மட்டும்தான். நிறுவனத்தின் பெயரே இல்லை. பாக்கி வாடகைக்கு லாரிக்காரர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்ன நிறுவனத்துக்காக" என்று ஒரு வரி எழுதி, ஸ்டாம்ப் வைத்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் நேரே ஆபீசுக்குப் போயிருப்பார்.

கஸ்டம்ஸ் தாள் விஷயம் இன்னும் கண்டிப்பானது. கிளியரிங் நிறுவனங்களுக்கான 2018-ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் புரோக்கர் விதிகளின்படி, தேர்வு எழுதி எஃப் கார்டு அல்லது ஜி கார்டு என்ற அடையாள அட்டை வாங்கியவர்தான் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடலாம். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது எச் கார்டு. அதை வைத்துக்கொண்டு உதவி செய்யலாம், கையெழுத்து கூடாது. பார்ட்டி கொடுத்த அதிகாரக் கடிதம் ஃபைலில் இருக்கிறதா என்றும் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

இன்வாய்ஸில், அதாவது சரக்கின் பில்லில், விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லி, "நான் இருக்கேன், பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. குற்றச் செயலால் வரும் நஷ்டத்துக்கு ஈடு தருகிறேன் என்று எழுதியே கொடுத்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 224-ஆவது பிரிவில் அது நிற்காது.

அப்புறம், பட்டதாரி ஜி கார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் எஃப் கார்டு தேர்வு எழுதலாம். பிறகு சொந்த லைசென்ஸுக்கே விண்ணப்பிக்கலாம். நல்ல தொழில், அம்மா. இன்று ராத்திரி தம்பி வந்ததும் கழுத்தில் என்ன கார்டு தொங்குகிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால், நாளைக் காலையிலேயே ஆபீசில் கேட்கச் சொல்லுங்கள்.